கல்லுக்குப் பக்கத்தில் அம்மா

“இந்தக் கல்ல எனக்குத் தெரியும்” என்றாள் அம்மா.

பதுளை டவுனில் எங்கள் ஸ்டூடியோவின் பின்னறையில் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு போனை நடுவில் வைத்துக்கொண்டு வாக்குவாதம் செய்துகொண்டிருந்தோம். தெற்குக் கரையில், கதிர்காமத்தையும் தாண்டிப் போனால், கடல் அடித்து அடித்து நடுவில் ஓட்டை போட்டு வாசல் மாதிரி ஆக்கிவிட்ட பெரும் பாறை ஒன்று இருக்கிறது. அதன் படம்தான் போனில் இருந்தது. அங்கே போய் அதை நானும் எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. அடையாள அட்டைக்கு முகம், பாஸ்போர்ட்டுக்கு முகம், கல்யாணம், சடங்கு என்று எடுத்து எடுத்து எனக்கு மனிதர்கள் மேலேயே ஓர் அலுப்பு வந்திருந்தது. சிரிங்க, நாடியைக் கொஞ்சம் இறக்குங்க என்று சொல்லத் தேவையில்லாத எதையாவது எடுக்க வேண்டும் போலிருந்தது. ஒரு கல்லுக்காகவா சனிக்கிழமை கடையை மூடுவது என்பது அவருடைய கட்சி.

அம்மா தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்து, மூலையில் உட்கார்ந்து பால் கலக்காத பிளேன்டி குடித்துக்கொண்டிருந்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்து போனைக் குனிந்து பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னாள்.

நமுனுகுல மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, அதே லயத்தில் வாழ்க்கைப்பட்டு, கொழுந்து பறித்து, இப்போது வேலையை விட்டு நின்றிருப்பவள் என் அம்மா. கடலை அவள் ஒரே ஒரு தடவை, கொழும்பில், ஓடுகிற பஸ்ஸின் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறாள். அவளுக்கு எப்படிக் கடலோரத்துக் கல் பழக்கமாகும்?

“எப்பிடிம்மா தெரியும்?”

“என்னையப் படம் புடிச்ச வெள்ளக்காரரு போன்ல இருந்துச்சு. எனக்கு அடுத்த படம் இதுதான்.”

அதை நான் கொஞ்சம் விளக்க வேண்டும். எங்கள் தோட்டத்தின் ஒரு சரிவு எல்லவுக்குப் போகிற ரோட்டை ஒட்டி இருக்கிறது. சுற்றுலா வருகிறவர்கள் அந்த வளைவில் வேனை நிறுத்தாமல் போவதில்லை. இறங்கியதும் கேமராவைத் தூக்குவார்கள். ரோட்டோர நிரையில் நின்று பறித்தவர்களில் அம்மாவும் ஒருத்தி. முகம் களையாக இருப்பாள், பல்வரிசையும் நன்றாக இருக்கும். அதனால் கைடுமார் அவளையே கூப்பிடுவார்கள். ஒருநாள் ஒரு வெள்ளைக்காரரிடம் அவள் கையாலேயே ஜாடை காட்டி, எடுத்த படத்தைக் காட்டச் சொல்லியிருக்கிறாள். அவர் காட்டியிருக்கிறார். காட்டும்போது விரல் தவறி அடுத்த படத்துக்குத் தள்ளிவிட்டது.

“ஒரு தள்ளு தள்ளுனா இந்தக் கல்லு. திருப்பித் தள்ளுனா நான். ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல இருந்தோம். அது எங்கயோ வெளிநாட்டுல இருக்குன்னு நெனச்சேன். நம்ம நாட்டுலயா இருக்கு?”

“அப்ப அத்தைக்கு அது பக்கத்து வீடு மாதிரி” என்றார் என் வீட்டுக்காரர்.

“ஆமா மாப்ள. நானும் வாறேன். ஒரு தடவ நேர்ல பாத்துக்கிறேன்.”

நான் ஒரு மாதமாகக் கெஞ்சி நடக்காதது அந்த ஒரு பேச்சில் நடந்தது. மருமகனுக்கு மாமியார் மேல் அத்தனை மரியாதை. நான் கேட்டால் கல், அவள் கேட்டால் பயணம். அன்று இருந்த எரிச்சலில் இதை அவரிடமே சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே வேனுக்கு எண்ணெய் அடிக்கப் போய்விட்டார்.

அம்மா வரவேண்டும் என்றதற்குக் காரணம் அந்தக் கல் மட்டும் இல்லை. போன மாதம் அவள் லயத்தில் அடுத்த காம்பராவில், ஒரு சுவர் தள்ளி, இருந்த அத்தை இறந்துபோனார். அம்மாவுக்கு அடுத்த நிரையில் எத்தனையோ வருஷம் பறித்தவர். எங்கள் பக்கம் ஒரு வீட்டில் சாவு விழுந்தால், உடம்பைக் குளிப்பாட்டும் முன்பே ஒருவர் போட்டோவை எடுத்துக்கொண்டு டவுனுக்கு ஓடி வந்துவிடுவார். கண்ணீர் அஞ்சலி பேனர் அடித்து, சாயந்தரத்துக்குள் தோட்டம் திரும்புகிற முடக்கில் கட்டியாக வேண்டும். அந்த அத்தையின் மகன் வந்து போனை நீட்டினான். அவர் தனியாக இருக்கிற படம் என்று அவர்களிடம் இருந்தது அது ஒன்றுதான். யாரோ சுற்றுலாக்காரர் எடுத்து, கைடு வாங்கி அனுப்பியது. நல்ல படம். பச்சை மலை, வெளிச்சம், சிரிப்பு. முதுகில் கூடை, தலையில் கூடைக் கயிறு.

மலையை அழித்தேன். கூடையை வெட்டினேன். கயிறுதான் மல்லுக்கட்டியது. அது தலைத்துணியை அழுத்தி நெற்றிக்கு மேல் ஒரு பள்ளம் போட்டிருந்தது. கயிற்றை எடுத்துவிட்டாலும் பள்ளம் போகவில்லை. இருந்த அவசரத்தில் முடிந்தவரை பூசி மெழுகிக் கொடுத்தனுப்பினேன். சின்ன ஸ்கிரீனில் ஒன்றும் தெரியவில்லை. ஆளுயரப் பேனரில் எல்லாம் தெரிந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள் அம்மா ஸ்டூடியோவுக்கு வந்தாள். மூலையில் உட்கார்ந்தாள். பிறகு, “செத்தும் அவ கூடைய எறக்கலையேடி” என்றாள்.

என் பக்கம் திரும்பினாள். “எனக்கு இப்பவே ஒரு படம் எடுத்து வச்சிரு. நான் போனதுக்கப்பறம் செவுத்துல மாட்டுறதுக்கு. கூட வேணாம், தேயில வேணாம். நான் மட்டும் இருந்தா போதும்.”

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. ஊருக்கே படம் எடுக்கிற வீட்டில் அம்மாவுக்கு ஒரு படம் இல்லை. ஸ்டூலில் உட்கார வைத்தால் அடையாள அட்டை முகம் வந்துவிடும். அதை அவள் ‘பொலிசுக்குக் குடுக்கிற மூஞ்சி’ என்பாள். என் கல்யாண ஆல்பத்தில் தேடினால் ஒரு பக்கத்தில் முழங்கையும், இன்னொரு பக்கத்தில் சமையல்கட்டு வாசலில் பாதி முதுகுமாக இருக்கிறாள். முழுதாக அவள் இருக்கிற படம் என்றால் எங்கள் கடை முன் கண்ணாடியில் பெரிதாக மாட்டியிருப்பதுதான். மூடுபனியில் அம்மா, கூடையோடு. நான் தொழில் பழகின காலத்தில் எடுத்தது. ரோட்டில் போகிற வெளிநாட்டுக்காரர்கள் நின்று அந்தப் படத்தையே படம் எடுத்துக்கொண்டு போவார்கள். அம்மா அதைப் பார்த்துச் சிரிப்பாள். அது வேண்டாம் என்று இதுவரை அவள் சொன்னதில்லை. செவுத்துக்கு அது வேண்டும் என்றும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் புறப்பட்டோம். அம்மாவின் பை என் கேமராப் பையைவிடக் கனமாக இருந்தது. திறந்து பார்த்தால் ஸ்வெட்டர் இரண்டு, கம்பளித் தொப்பி, குடை, ரொட்டி, கட்டைச் சம்பல், போத்தல் தண்ணீர், போன தீபாவளிக்கு நான் வாங்கிக் கொடுத்து அவள் இதுவரை கட்டாத அரக்குச் சேலை.

“கடலுக்குப் போறதுக்கு எதுக்கும்மா தொப்பி?”

“காலையில பனி விழாத ஊரு எங்கடி இருக்கு?”

வெல்லவாய இறக்கத்திலேயே வெக்கை வேனுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே வந்தாள். தோற்றதாக மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கதிர்காமத்தில் இறங்கி, கோயிலோரக் கங்கையில் முழுகி, பூஜை பார்த்து, ராத்தங்கல் அங்கேயே ஒரு மடத்தில். அந்த ஊருக்கு அவள் எத்தனையோ தடவை வந்தவள். தோட்டத்து லொறியில், பஸ்ஸில், ஒரு தடவை நேர்த்திக்காக நடந்தே. அங்கிருந்து கடல் கொஞ்ச தூரம்தான் என்று ஒருவரும் அவளுக்குச் சொன்னதில்லை. சாமி கும்பிட்டதும் லொறி திரும்பிவிடும், திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு நின்றாக வேண்டும்.

விடிந்த கையோடு கரைக்குப் போனோம். அந்தக் கல் இருக்கிற ஊரின் பெயரை நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த மாதமே அங்கே கொத்து ரொட்டிக் கடை வந்துவிடும். வேனை நிறுத்திய இடத்திலிருந்து முள்ளுப் புதருக்கும் புல்லுக்கும் நடுவில் ஒற்றையடிப் பாதை போனது. நான் கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பினால் அம்மாவைக் காணோம். வேன் படியில் உட்கார்ந்து, சவர்க்காரத் துண்டை நனைத்து, பாதத்திலிருந்து முழங்கால் வரை மும்முரமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

“என்ன அத்தை பண்றீங்க?”

“புல்லுக்குள்ள போறமே மாப்ள. அட்ட ஏறும்ல? சவர்க்காரம் தேச்சா கிட்ட வராது.”

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, “இங்க எல்லாமே உப்பு அத்தை. அட்ட வந்தா அதுவா செத்துரும்” என்றார். அம்மா ஒரு கணம் யோசித்தாள். தேய்த்த காலை அப்படியே விட மனமில்லாமல் மற்றக் காலையும் தேய்த்து முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

புதர் முடிந்ததும் மண்மேடு. மேட்டில் ஏறினால் கடல், அதில் காலை வைத்துக்கொண்டு அந்தக் கல். படங்களில் நான் பார்த்ததைவிடப் பெரிது. கரைப் பக்கத்துக் கால் தடிப்பாக மண்ணோடு சேர்ந்திருந்தது. கடல் பக்கத்துக் கால் மெலிந்து, அடியில் இன்னும் மெலிந்து, எப்போது வேண்டுமானாலும் போய்விடுவேன் என்கிற மாதிரி நின்றது. மேலே பழுப்பு, நடுவில் செம்மை, தண்ணீர் படுகிற இடமெல்லாம் கறுப்பு. அலை ஓட்டைக்குள் நுழைந்து, உள்ளே இடித்து, வெள்ளையாகி மறுபக்கம் விழுந்தது. இடித்த சத்தம் காலுக்குக் கீழே தெரிந்தது.

அம்மா அசையாமல் நின்று பார்த்தாள். அவள் கண்கள் நனைந்திருந்தன. காற்றாகவும் இருக்கலாம்.

“இவ்வளவு சத்தம் அந்தப் படத்துல இல்லையே” என்றாள்.

பிறகு இறங்கிப் போய், கரையோடு இருந்த தடித்த காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொஞ்சம் தள்ளி ஒரு பாறையில் உட்கார்ந்து ரொட்டியைப் பிரித்தாள்.

நான் என் வேலையைப் பார்த்தேன். இந்த மாதிரிக் கல்லை எடுக்க ஒரு முறை இருக்கிறது. கேமராவை ஸ்டாண்டில் அசையாமல் நிறுத்தி, லென்ஸுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடி ஒன்றை மாட்டிவிட வேண்டும். வெளிச்சம் சொட்டுச் சொட்டாகத்தான் உள்ளே போகும். அதனால் கேமராவின் கண்ணைக் கால் நிமிஷம் வரை திறந்தே வைக்கலாம். அந்த நேரத்தில் ஆடாமல் இருப்பது எல்லாம் படத்தில் அப்படியே விழும். ஆடுகிறது எல்லாம் கரைந்துபோகும். அலை புகையாகிவிடும், பறந்துபோகிற பறவை இல்லாமலே போய்விடும். கல் மட்டும் நிற்கும்.

முதல் சில படங்கள் கெட்டுப்போயின. எங்கள் ஊரில் லென்ஸில் பனி படிந்தால் வாயால் ஊதி, துப்பட்டா நுனியால் ஒரு துடை துடைப்பது வழக்கம். இங்கேயும் கை தன்பாட்டில் அதையே செய்தது. கடற்காற்றில் வந்து ஒட்டுவது பனி இல்லை, உப்பு. துடைக்கத் துடைக்க இழுபட்டு, கல் தெரிகிற இடத்தில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. அம்மா எட்டிப் பார்த்து, “நம்ம மல மாதிரியே இருக்கே” என்றாள். எனக்கு வந்த கோபத்தில் இன்னும் அழுத்தித் துடைத்தேன். கடைசியில் அவள் கொண்டுவந்த தண்ணீரை ஊற்றித்தான் கழுவினேன். அதற்குப் பிறகு எடுத்த படங்கள் நன்றாக வந்தன. கல் கல்லாகவும் கடல் புகையாகவும் இருந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அந்தக் கல்லிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை, அதுவும் என்னிடம் நல்லா வந்திருக்கா என்று கேட்கவில்லை.

“என் முறையா?” என்று அம்மா கேட்டாள்.

வேனுக்குப் போய் அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு வந்தாள். மடிப்புத் தடங்கள் இன்னும் சேலையில் இருந்தன. தலையை வாரி, திருநீறு இட்டு, மூக்குத்தியைச் சரிசெய்து, “இது தெரியும்ல?” என்று கேட்டுக்கொண்டாள். கல்லுக்கு இடது பக்கம் ஒரு மட்டமான பாறையில் அவளை நிறுத்தினேன். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, ஆளை எடுக்கிற மாதிரியே எடுக்கலாம் என்று கேமராவைக் கண்ணுக்குக் கொண்டுபோனேன்.

அம்மாவின் வலது கை மேலே எழும்பியது. பெருவிரலும் இரண்டு விரல்களும் கூடி, இல்லாத கொழுந்து ஒன்றைக் கிள்ளிப் பிடித்தன. தலை இடது தோள் பக்கம் சாய்ந்தது. முன்பற்கள் எல்லாம் தெரிகிற ஒரு சிரிப்பு வந்து முகத்தில் நின்றது.

“கைய எறக்கும்மா.”

“எந்தக் கைய?”

அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. குனிந்து தன் கையைப் பார்த்தாள். அங்கே அது அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. “அட” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே இறக்கினாள். மூன்று பேரும் சிரித்தோம். நான் மறுபடி கேமராவைத் தூக்கினேன். கையும் மறுபடி எழும்பியது.

இப்படியே கொஞ்ச நேரம் போனது. கையைக் கட்டிக்கொள்ளச் சொன்னேன். கட்டிக்கொண்டாள், தலை சாய்ந்தது. தலையை நிமிர்த்தச் சொன்னேன். நிமிர்த்தினாள், கட்டிய கை அவிழ்ந்தது. கேமராவைப் பார்க்காதே, கடலைப் பார் என்றேன். கடலைப் பார்த்தாள், விரல்கள் கிள்ளின. கையில் ஏதாவது இருந்தால் சரியாகும் என்று என் வீட்டுக்காரர் என் தோள்பையைக் கொண்டுபோய்க் கொடுத்தார். அதை வாங்கி முதுகுப் பக்கம் தள்ளி, வாரைத் தலையோரம் இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அதைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. எனக்கும்தான்.

கைடுமார் பழக்கிவிட்ட பழக்கம் அது. கைய தூக்கு, தலைய சாய், பல்லு தெரிய சிரி. எத்தனை நாட்டு ஆட்கள், எத்தனை கேமரா. அத்தனையிலும் அவள் ஒரே மாதிரி நின்றிருக்கிறாள். கேமரா என்ற ஒன்று அவள் பக்கம் திரும்பினால் உடம்பு அதுவாகவே போய் அந்த இடத்தில் நின்றுகொள்கிறது. நானும் அவளை அப்படித்தான் கண்ணாடிக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறேன். யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல் ஸ்டாண்டின் திருகை முறுக்கிக்கொண்டு நின்றேன்.

“முடியாது போல இருக்குடி” என்றாள் அம்மா. பாறையிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு போய்விட்டிருந்தது. “எனக்கு வேற மாதிரி நிக்கத் தெரியல. அவள மாதிரிதான் நானும் தொங்கப் போறேன் போல, செவுத்துல.”

அம்மா அழுகிறவள் இல்லை. அன்றும் அழவில்லை. ஆனால் அந்தக் குரலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கணினியில் அழிச்சிரலாம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த அத்தையின் நெற்றிப் பள்ளம் நினைவுக்கு வந்தது.

என் வீட்டுக்காரர் பிளாஸ்கிலிருந்து பிளேன்டி ஊற்றிக் கொடுத்தார். சீனியை உள்ளங்கையில் வைத்து நக்கிக்கொண்டு அம்மா அதைக் குடித்தாள். குடித்துக்கொண்டே கல்லைப் பார்த்தாள். வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“அந்தக் கல்லப் புடிக்கும்போது நீ ஒண்ணுமே சொல்லலையே. கேமராவ வச்சிட்டு அங்கிட்டுப் போய்ச் சும்மா நின்னியே” என்றாள்.

“அது வேறம்மா. அதோட கண்ணத் தொறந்து வச்சா கால் நிமிஷம் மூடாது. நான் பக்கத்துல நின்னு என்ன பண்ண?”

“என்னையும் அப்பிடி எடேன்.”

“ஆளுங்கள அப்பிடி எடுக்க முடியாதும்மா. ஆடிட்டா கலங்கிரும்.”

“நான் ஆட மாட்டேன். கொழுந்து நிறுக்க மழையில நின்ன காலுடி இது.”

எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனாலும் வேறு வழியும் இல்லை. கறுப்புக் கண்ணாடியை மறுபடி மாட்டினேன். அம்மா பாறையில் எழுந்து நின்றாள். படத்தில் அவள் ஒரு பக்கம், கல் ஒரு பக்கம் வருகிற மாதிரி வைத்தேன். போனில் அந்த வெள்ளைக்காரரின் விரலுக்குக் கீழே இருந்த மாதிரியே, பக்கத்துப் பக்கத்தில். அழுத்திவிட்டு விலகிப் போய், கடலைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.

திரும்பி நின்றாலும் கடைக்கண் கேட்கவில்லை. அம்மாவின் கை எழும்பியது. அதே கை, அதே விரல்கள். போச்சு என்று நினைத்தேன். கேமராவின் கண் திறந்திருந்தது, இனி ஒன்றும் சொல்லிப் பயனில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். கை அங்கேயே நின்றது. வழக்கமாக அதற்குள் ஒரு சத்தம் கேட்டிருக்கும், யாராவது தேங்க்யூ சொல்லியிருப்பார்கள். இங்கே ஒன்றும் நடக்கவில்லை. அலை ஓட்டைக்குள் போனது, இடித்தது, வந்தது. எதிரில் ஆள் இல்லாத ஒரு பெட்டி மூன்று காலில் நின்றுகொண்டிருந்தது. எவ்வளவு நேரம்தான் ஒருத்தி இல்லாத கொழுந்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். விரல்கள் பிரிந்தன. கை மெதுவாக இறங்கி, சேலை மடிப்பின் மேல் வந்து அமர்ந்தது. தலை நிமிர்ந்தது. அதற்குப் பிறகு அவள் ஆடவேயில்லை.

கேமரா மூடுகிற சத்தம் கேட்டது. “முடிஞ்சுதா?” என்றாள். முடிந்தது என்றேன். சிறிய ஸ்கிரீனில் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. பேனரில் அந்தப் பள்ளத்தை ஆளுயரத்தில் பார்த்த தோட்டத்து முடக்கு எனக்கு மறக்கவில்லை. “வீட்டுக்குப் போய்ப் பெருசா பாப்போம்மா” என்று சொல்லிவிட்டுக் கேமராவை அணைத்தேன். அவளும் கேட்கவில்லை. ஸ்டாண்டை நான் மடிக்கும்போது அவள் அலையில் கால் நனைக்கப் போனாள். சவர்க்காரம் நுரைத்ததைப் பார்த்து மாமியாரும் மருமகனும் சிரித்த சத்தம் கேட்டது. மலை ஏறுகையில், எல்ல பக்கம் குளிர் தொடங்கியதும், அவள் பையிலிருந்து ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். தொப்பியை எனக்குக் கொடுத்தாள்.

அடுத்த வாரம் அவள் டவுனுக்கு வந்தபோது படத்தைப் பெரிதாகப் பிரிண்ட் போட்டு வைத்திருந்தேன். மேசையில் விரித்தேன். கடல் முழுவதும் வெள்ளைப் புகையாகிக் கிடந்தது. வலது பக்கம் கல், தன் மெலிந்த காலோடு. இடது பக்கம் அம்மா. அரக்குச் சேலை, திருநீறு, மூக்குத்தி. கால் நிமிஷம் மூச்சு விட்டதில் முகம் ஒரு பொட்டுக் கலங்கியிருந்தது, ஆனால் அது அவள் முகம். சிரிக்கவில்லை. கோபமும் இல்லை. வேலை முடிந்து, வாசலில் காலைக் கழுவிவிட்டு, உள்ளே வருகிற நேரத்தில் அவளுக்கு இருக்கிற முகம். அதை நான் தினமும் பார்த்து வளர்ந்திருக்கிறேன். படத்தில் பார்ப்பது அன்றுதான்.

அம்மா வெகுநேரம் பார்த்தாள். முதலில் கல்லைப் பார்த்தாள், பிறகுதான் தன்னை. “இது நான்தான்” என்றாள். கடை முன் கண்ணாடியில் இருக்கிற பழைய படத்தை நான் இன்றைக்கே இறக்கிவிடுகிறேன் என்றேன். உன் இஷ்டம் என்றாள். பிறகு குனிந்து, விரலைப் படத்தில் படாமல் பிடித்து, தன் தோளுக்குப் பக்கத்தில் ஓர் இடத்தைக் காட்டினாள். அங்கே கடலின் வெள்ளையில் மங்கலாக ஏதோ இருந்தது. தெரியாதவர்கள் அலைத் துளி என்றோ பிரிண்ட் கோளாறு என்றோ நினைப்பார்கள்.

“இது என்னடி, பொக மாதிரி?”

சொல்லாமல் விடலாமா என்று யோசித்தேன். அவளிடம் அது முடியாது.

“உன் கைம்மா. மொதல்ல கொஞ்ச நேரம் தூக்கிட்டு நின்னியே, அது லேசா விழுந்திருக்கு. அழிச்சிரவா? இத அழிக்கிறது லேசு. தடமே தெரியாது.”

பையிலிருந்து மூக்குக் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அம்மா இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தாள். அந்தப் புகையைப் பார்த்தாள். பிறகு கீழே, சேலை மடிப்பின் மேல் தெளிவாக இருந்த கையைப் பார்த்தாள்.

“வேணாம். இருந்துட்டுப் போவட்டும்” என்றாள். “கை எறங்கிருச்சுல்ல. அது போதும்.”